தவறான விலை, ரத்தான ஆர்டர்: வாங்கியவருக்கு என்ன உரிமை?

2003 ஜனவரி 8ஆம் தேதி, சிங்கப்பூரில் டிஜிலேண்ட் என்ற கணினிப் பொருள் விற்கும் நிறுவனத்தில் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. இணையதளத்தில் விலையை ஏற்றும் புதிய முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பழகிப் பார்ப்பதற்காகத் தட்டிய 66 என்ற எண் பயிற்சியோடு நிற்காமல் உண்மையான விற்பனைத் தளத்திலேயே ஏறிவிட்டது. 3,854 வெள்ளி விலையுள்ள எச்.பி. வண்ண லேசர் பிரின்டர் 66 வெள்ளி என்று ஐந்து நாள் அங்கே இருந்தது. 13ஆம் தேதி காலை 9 மணிக்கு மேல்தான் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் 784 பேர் 4,086 பிரின்டர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஆர்டர் வந்ததும் தானாகப் போகும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலும் போய்விட்டது.

அவர்களில் ஆறு பேர் நண்பர்கள். 13ஆம் தேதி விடிவதற்குள் அவர்கள் கொடுத்த ஆர்டர் மட்டும் 1,606 பிரின்டர்கள். பிழையான விலைப்படி 1,05,996 வெள்ளி. சரியான விலைப்படி 61 லட்சம் வெள்ளிக்கு மேல். நிறுவனம் எல்லா ஆர்டர்களையும் ரத்து செய்தது. ஆறு பேரும் நீதிமன்றம் போனார்கள்.

ஆன்லைனில் விலை தவறாகப் போடப்பட்டு ஆர்டர் ரத்தாகும் பிரச்சினையில் உலகம் முழுவதும் அதிகம் பேசப்பட்ட வழக்குகளில் இது ஒன்று. 2004இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.கே. ராஜா நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இத்தோடு நிறுத்திக்கொண்டால், விலையைத் தவறாகப் போட்ட கடை எப்போது வேண்டுமானாலும் ஆர்டரை ரத்து செய்யலாம் என்றுதான் தோன்றும். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டால் நம்மை நம்பவைக்கப் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் தீர்ப்பு சொன்னது அதுவல்ல.

ஆறு பேரும் அந்த இரவில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட இணைய உரையாடல்கள் சான்றாக வந்தன. பிரின்டரின் உண்மை விலை என்ன, மறுபடி விற்றால் என்ன கிடைக்கும் என்று இணையத்தில் தேடிப் பார்த்திருந்ததும் வெளிவந்தது. படித்தவர்கள், வணிகம் தெரிந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். விலை பிழையானது என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் குவித்தார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நிறுவனத்தைக் காப்பாற்றியது அந்த அறிவுதான். விலை தவறு என்பது மட்டும் காப்பாற்றவில்லை. தானியங்கி மின்னஞ்சலால் ஒப்பந்தம் உருவாகலாம் என்பதையும், இணையத்தில் விற்பவர் தன் எந்திரம் சொல்லும் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பதையும் உயர் நீதிமன்றம் தெளிவாகவே ஏற்றது. எதிர்த்தரப்பின் பிழையைத் தெரிந்துகொண்டே பறித்துக்கொள்ள வந்தவருக்கு அந்த ஒப்பந்தம் பயன்படாது என்றது, அவ்வளவுதான்.

இந்தக் கருத்து புதிதல்ல. 1939இல் இங்கிலாந்தில் அர்ஜென்டினா முயல் தோல் வியாபாரத்தில் இதே சிக்கல் வந்தது. ஒரு தோலுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டிய விலையை விற்றவர் ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று தோல் நிற்கும். அந்த வியாபாரத்தில் தோலை எப்போதும் எண்ணிக்கையில்தான் விலை பேசுவார்கள். வாங்கியவருக்குப் பிழை தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. விலை தவறா என்பதைவிட, வாங்கியவருக்கு அது தெரிந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதே இந்த வழக்குகளின் உயிர்நாடி. நம் ஊரில் நடக்கும் ஆர்டர் ரத்துகளில் பெரும்பாலும் இந்தக் கேள்வி எழுப்பப்படுவதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

நிறுவனங்களின் முதல் வாதம் வேறு. கடையில் பொருளை விலைச்சீட்டோடு வைத்திருப்பது விற்பதாக உறுதி கொடுப்பதல்ல, வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. 1953இல் பூட்ஸ் மருந்துக் கடை வழக்கிலிருந்து இங்கிலாந்துச் சட்டம் அப்படித்தான். வாங்குபவர் பொருளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போவதுதான் முன்மொழிவு. கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொள்வதுதான் ஏற்பு. நம் உச்ச நீதிமன்றமும் 1951இலேயே குடகு மெர்க்காராவில் இருந்த ஒரு பங்களா வழக்கில், 10,000 ரூபாய்க்குக் குறைந்து விற்க மாட்டேன் என்று உரிமையாளர் சொன்னது முன்மொழிவு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அழைப்பு வேறு, முன்மொழிவு வேறு என்ற பாகுபாட்டில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் பூட்ஸ் கடையில் கல்லாவில் ஒரு மனிதர் நின்றார். விலைச்சீட்டில் தவறு இருந்தால் பணம் கைமாறும் முன்பே சொல்லிவிட முடிந்தது. ஆன்லைனில் வரிசை தலைகீழ். முதலில் பணம் போகிறது. யு.பி.ஐ. ரகசிய எண்ணைத் தட்டிய நொடியில் கணக்கிலிருந்து தொகை கழிகிறது. "உங்கள் ஆர்டர் உறுதிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. பிறகுதான் கடை தன் மனதை முடிவு செய்கிறது. ஏனென்றால் நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளில், நாம் யாரும் படிக்காத பக்கத்தில், உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் ஏற்பு ஆகாது, பொருளை அனுப்பிவைக்கும்போதுதான் ஒப்பந்தம் உருவாகும் என்று எழுதியிருக்கிறார்கள். விலையில் பிழை இருந்தால் ரத்து செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும்.

இந்த விதி ஏன் வந்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. 2002 தொடக்கத்தில் பிரிட்டனில் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு விலையுள்ள டிஜிட்டல் கேமராத் தொகுப்பை 100 பவுண்டு என்று இணையத்தில் போட்டுவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆர்டர் செய்தார்கள், எல்லோருக்கும் தானியங்கி உறுதிப்படுத்தல் போனது. முதலில் கோடாக் மறுத்தது. வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குக்குத் தயாரானதும், சில வாரங்களிலேயே 100 பவுண்டுக்கே அனுப்ப ஒப்புக்கொண்டது. மின்னஞ்சலில் இருந்த வாசகமே நிறுவனத்தைக் கட்டிப்போட்டது. இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வணிகர்கள் பாடம் கற்றார்கள். விலையைச் சரிபார்க்கக் கற்றார்களோ இல்லையோ, வாசகத்தை மாற்றக் கற்றார்கள்.

இந்தியச் சட்டத்தை வரிக்கு வரி படித்தால் அது வணிகருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, இரு தரப்பும் உண்மை நிலை பற்றித் தவறாக எண்ணியிருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 22ஆவது பிரிவோ, ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணியிருந்தது என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட முடியாது என்கிறது. விலையைத் தவறாகப் போட்டது விற்றவர் மட்டும்தான். ஆகவே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று ஏற்றுக்கொண்டால், பிழை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவர் கழன்றுகொள்ள 22ஆவது பிரிவு இடம் தரவில்லை. பிழையைத் தெரிந்தே வந்தவர் கதை வேறு. இரு தரப்பும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம் என்ற 13ஆவது பிரிவு அங்கே குறுக்கே நிற்கும். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதற்காக அது செல்லாமல் போகாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு உறுதிசெய்துவிட்டது. ஆக, நிறுவனங்களுக்கு மிஞ்சும் ஒரே கோட்டை "ஒப்பந்தமே உருவாகவில்லை" என்ற விதிதான். அதனால்தான் அந்த ஒரு வரியை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் நுகர்வோர் ஆணையங்கள் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. 2014 டிசம்பரில் ஒடிசாவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் அமேசானில் 23,499 ரூபாய் லேப்டாப் 190 ரூபாய் என்று பார்த்து ஆர்டர் கொடுத்தார். உறுதிப்படுத்தல் வந்தது, சில மணி நேரத்தில் ரத்தும் வந்தது. மாவட்ட மன்றம் சிறு தொகை இழப்பீடு தந்தது. மேல்முறையீட்டில் 2021 ஜனவரியில் மாநில ஆணையம் இழப்பீடு, தண்டத்தொகை, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. விளம்பரத்தில் முன்மொழிவு இருந்தது, அதன்படி ஆர்டர் கொடுத்து உறுதியும் ஆனபிறகு ஒப்பந்தம் முழுமை அடைந்துவிட்டது என்பதே ஆணையத்தின் நிலை. நாங்கள் வெறும் சந்தைத் தளம், விற்றவர் வேறொருவர் என்ற வாதம் எடுபடவில்லை. லேப்டாப்பை 190 ரூபாய்க்குக் கொடு என்று ஆணையம் உத்தரவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அலைக்கழித்ததற்கு விலை வைத்தது.

பஞ்சாபின் சங்ரூர் மாவட்ட மன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2015 பிப்ரவரியில் ஸ்னாப்டீலில் ஐஃபோன் 5எஸ் 68 ரூபாய் என்று காட்டியது. ஆர்டர் கொடுத்த மாணவருக்கு அந்த விலைக்கே ஃபோனைக் கொடுக்கும்படி மன்றம் உத்தரவிட்டது. 46,000 ரூபாய்க்கு மேல் விலை காட்டிய ஃபோன் அது. இந்த உத்தரவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 68 ரூபாய் பிழை என்பது எவருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்லத்தான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அந்த முதல் எண்ணத்தை அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. அடுத்த ஆண்டே, 2016 ஜூலையில், ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் 1 ரூபாய்க்கு ஃபோன் என்று ஃபிளாஷ் சேல் நடத்தியது. பண்டிகை விற்பனையில் 80 சதவீதம், 90 சதவீதம் தள்ளுபடி, நள்ளிரவு 12 மணிக்கு முதல் நூறு பேருக்கு என்றெல்லாம் வாடிக்கையாளரைப் பழக்கி வைத்தவர்கள் இந்த வணிகர்களேதான். நம்ப முடியாத விலையை நம்பச் சொல்லிப் பல ஆண்டு விளம்பரம் செய்துவிட்டு, ஒரு நாள் மட்டும் "இதை நீங்கள் நம்பியிருக்கக் கூடாது" என்று சொல்வதில் நியாயம் குறைவு. வாங்கியவருக்குப் பிழை தெரிந்திருக்க வேண்டும் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மீதுதான் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அந்தச் சுமையை நிறுவனம் உரையாடல் பதிவுகளைக் காட்டி நிறைவேற்றியது.

மூன்றாவது வழக்கு விலைப்பிழை பற்றியதே அல்ல. அதனால்தான் அது முக்கியமானது. 2022 ஜூலையில் மும்பையில் ஒருவர் ஃபிளிப்கார்ட்டில் 39,628 ரூபாய்க்கு ஐஃபோன் ஆர்டர் செய்தார். ஆறு நாளில் ஆர்டர் ரத்தானது. டெலிவரி முயற்சி தோற்றது, வாடிக்கையாளர் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. இடையில் ஃபோனின் விலை கூடியிருந்தது. கூடுதல் லாபத்துக்காகவே வேண்டுமென்று ரத்து செய்திருக்கிறார்கள், இது சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று மத்திய மும்பை மாவட்ட ஆணையம் 2024இல் சொல்லி 10,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் செய்தது. பிழைக்காக என்று கேட்டு வாங்கிய ரத்து உரிமை, விலை ஏறும்போதும் கைகொடுக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் வரும் குறுஞ்செய்தி ஒன்றுதான்.

190 ரூபாய் லேப்டாப்பும் 68 ரூபாய் ஃபோனும் செய்தித்தாளில் வரும். அன்றாடம் நடப்பது வேறு. தீபாவளிக்கு முந்தைய விற்பனையில் தூத்துக்குடியில் ஒருவர் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை 2,799 ரூபாய்க்கு ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கேட்டால் 4,500 ரூபாய் சொல்கிறார்கள். பண்டிகைத் தள்ளுபடியில் இந்த விலை முற்றிலும் சாத்தியம். பிழை என்று யாருக்கும் தோன்றாது. வங்கி அட்டைக்கு 10 சதவீதத் தள்ளுபடி; அட்டைக்கு ஒரு முறை மட்டும். மூன்றாம் நாள், தவிர்க்க முடியாத காரணங்களால் ஆர்டர் ரத்தாகிவிட்டது, பணம் 5 முதல் 7 வேலை நாட்களில் திரும்ப வரும் என்று ஒரு செய்தி. அதற்குள் விற்பனை முடிந்திருக்கும். வேறு தளத்தில் 3,200 ரூபாய்க்கு இருந்த கிரைண்டரும் பழைய விலைக்குத் திரும்பியிருக்கும். அட்டைத் தள்ளுபடியும் போச்சு. தவணையில் வாங்கியிருந்தால் செயலாக்கக் கட்டணம் திரும்பாமல் போகலாம். பணம் முழுவதும் வந்துவிட்டதே, உங்களுக்கு என்ன நஷ்டம் என்று சேவை மையத்தில் கேட்பார்கள். நஷ்டம் என்ன என்பதை மேலே சொன்ன ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்தால் தெரியும்.

இந்த இடத்தில் ஜெர்மானியச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2003இல் ஒரு சோனி வையோ லேப்டாப்பின் விலை 2,650 யூரோ என்று ஊழியர் சரியாகவே பதிந்தும், மென்பொருள் கோளாறால் தளத்தில் 245 யூரோ என்று ஏறிவிட்டது. ஆர்டரும் உறுதியாகி, லேப்டாப்பும் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. ஜெர்மனியின் கூட்டரசு நீதிமன்றம் 2005 ஜனவரியில், நிறுவனம் பிழையைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வாங்கியவருக்கு இது தோல்விதான். ஆனால் ஜெர்மானியச் சிவில் சட்டத்தில் இந்த உரிமையோடு இரண்டு நிபந்தனைகள் பிணைந்திருக்கின்றன. பிழை தெரிந்தவுடன் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை நம்பியதால் மறுதரப்புக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும். பிழையை அவர் அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தால் மட்டும் அந்த ஈடு கிடையாது. ரத்து செய், ஆனால் அதற்கு நீ விலை கொடு. பிழை செய்தவரையும் மூழ்கடிக்காமல், நம்பியவரையும் கைவிடாமல் இருப்பதற்கு இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் விமானக் கட்டண விஷயத்திலும் இதே திசையில் போனார்கள். பணம் கட்டியபின் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்ற விதியின்கீழ் பிழைக் கட்டண டிக்கெட்டுகளுக்கும் விமான நிறுவனங்கள் கட்டுப்பட வேண்டியிருந்தது. சிலர் அதைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள். 2015 மே மாதம் போக்குவரத்துத் துறை நிலைப்பாட்டை மாற்றியது: அது பிழைக் கட்டணம்தான் என்று நிறுவனம் நிரூபித்து, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த டிக்கெட்டை நம்பிப் பயணி செய்த மற்ற நியாயமான செலவுகளையும் கொடுத்துவிட்டால் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்றது. திரும்பப் பெற முடியாத விடுதி முன்பதிவு போன்றவை இதில் அடங்கும்.

தைவான் வேறு வழியில் போனது. 2009 ஜூனில் டெல் நிறுவனம் அங்கே ஒரு 19 அங்குலத் திரையின் விலையை 500 தைவான் டாலர் என்று தவறாகப் போட்டுவிட்டது. அடுத்த மாதமே ஒரு லேப்டாப்பிலும் பிழை. நுகர்வோர் அமைப்புகளும் அரசும் கொதித்தெழுந்தன. அதன்பின் ஆன்லைன் சில்லறை ஒப்பந்தங்களில் கட்டாயம் இடம்பெற வேண்டிய வாசகங்களை அரசே வகுத்தது. ஆர்டர் வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் தகுந்த காரணத்தோடு மறுக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்பட்டது. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டால் ஒப்பந்தம் உருவானதாகக் கொள்ளப்பட்டது. ஒப்பந்தம் எப்போது உருவாகிறது என்பதை ஒரு தரப்பே எழுதிக்கொள்ள விடவில்லை. இந்த ஒரு வாசகம் இந்தியாவில் இருந்திருந்தால் ஒடிசா மாணவர் ஆறு ஆண்டு அலைந்திருக்க வேண்டியதில்லை.

கனடாவின் அனுபவம் எச்சரிக்கை. 2003 ஏப்ரலில் டெல்லின் கையடக்கக் கணினிகள் 379 டாலருக்குப் பதில் 89, 549க்குப் பதில் 118 என்று காட்டின. கியூபெக் நுகர்வோர் சங்கம் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குப் போட்டது. விலை சரியா தவறா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. பயன்பாட்டு விதியில் இருந்த நடுவர் தீர்ப்புப் பிரிவைக் காட்டி, தனித்தனியாக நடுவரிடம் போங்கள் என்று 2007இல் கனடா உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. 89 டாலர் பொருளுக்காக யார் நடுவரிடம் போவார்கள்? நமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. நடுவர் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2018இல் எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உறுதிசெய்துவிட்டது.

நம்மிடம் இருக்கும் விதிகளுக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்வணிக விதிகள் அதே மாதம் 23ஆம் தேதி வந்தன. மின்வணிக விதிகளில் ரத்து பற்றி நேரடியாகப் பேசுவது 4ஆவது விதியின் 8ஆவது உட்பிரிவு. ஆர்டரை உறுதிசெய்தபின் ரத்து செய்யும் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்க வேண்டுமென்றால், நிறுவனம் தானாக ரத்து செய்யும்போதும் அதே போன்ற கட்டணத்தைத் தான் ஏற்க வேண்டும் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்காத நிறுவனம் தான் ரத்து செய்யும்போதும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பொருள் விற்பனையில் டெலிவரிக்கு முந்தைய ரத்துக்குக் கட்டணமே இல்லை என்பதால், இந்த விதி விலைப்பிழை ரத்துகளைத் தொடவே இல்லை. பணத்தைத் திருப்புவதிலும் தெளிவு போதாது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த, தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் என்ற ஏற்பாடு பாதியில் தோற்றுப்போன பரிவர்த்தனைகளுக்கானது. முழுமையாக நடந்து முடிந்து, பிறகு கடை ரத்து செய்த ஆர்டருக்கு அது பொருந்தாது.

சட்டத்தில் வலுவான ஆயுதம் வேறொன்று இருக்கிறது. 2019 சட்டம் முதல் முறையாக "நியாயமற்ற ஒப்பந்தம்" என்பதை வரையறுத்தது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைத் தரும் வாசகம் அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, எப்போது கட்டுப்படுவது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும் விதியை இந்த வரையறையின்கீழ் கேள்வி கேட்க முடியும் என்றே நம்புகிறேன். சிக்கல் எங்கே என்றால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் அந்த அதிகாரம். 2,799 ரூபாய் கிரைண்டருக்காகத் தூத்துக்குடிக்காரர் மாநில ஆணையத்தில் வழக்கு நடத்த வேண்டும். தனி ஆள் செய்யக்கூடிய காரியமல்ல இது. ஒன்று நுகர்வோர் அமைப்புகள் முன்வர வேண்டும், அல்லது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் 2022ஆம் ஆண்டு விளம்பர வழிகாட்டு நெறிகள், சொன்ன விலைக்கு விற்கும் நியாயமான வாய்ப்பில்லாமல் வாடிக்கையாளரை ஈர்க்கும் விளம்பரம் கூடாது என்கின்றன. 2023 நவம்பரில் வந்த நெறிகள் ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டும் இணைய உத்தியையும் தடுக்கின்றன. மீண்டும் மீண்டும் "பிழை" செய்யும் கடையைப் பிடிக்க இவை போதுமானவை.

யார் பொறுப்பு என்ற கேள்வியும் நம் நாட்டில் சிக்கலானது. வெளிநாட்டு முதலீடுள்ள பெரிய தளங்கள் இங்கே நேரடியாக விற்க முடியாது. சந்தைத் தளமாக மட்டுமே இயங்கலாம். விலையைப் போடுவது விற்பனையாளர், பணத்தை வாங்குவது தளம், ரத்துச் செய்தி அனுப்புவதும் தளம். கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அதற்காகத்தான் வாங்கியபின் எழுத்து மூலம் கேட்டால் விற்பனையாளரின் விவரங்களைத் தளம் தர வேண்டும் என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே நல்லது.

எல்லாப் புகாரும் வெல்லாது, வெல்லவும் கூடாது. மறுவிற்பனைக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோர் என்று கருதுவதில்லை. சிங்கப்பூரின் 1,606 பிரின்டர்க்காரர்கள் நம் ஆணையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். ஒரு சிறு விற்பனையாளர் கோவையில் இருந்துகொண்டு ஒரு சுழியத்தை விட்டுவிட்டால், ஆயிரம் பேர் குழு அமைத்து அவரைக் காலி செய்வதை உரிமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கியவருக்கும் இரவோடு இரவாக நூறு வாங்கியவருக்கும் வேறுபாடு இருக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்கு ஒன்று வாங்கி ரத்தானவர் செய்யக்கூடியது இதுதான். விலை தெரியும் பக்கத்தையும், உறுதிப்படுத்தல் செய்தியையும், ரத்துச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். ரத்துக்குப் பிறகு அதே பொருள் அதே தளத்தில் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டால் அந்தப் பக்கம்தான் முக்கியமான சான்று. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணைய வழியாகவே பதியலாம். ஒரே ரத்தால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பிலும் ஒருவர் புகார் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

புகாரில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பொருளை அந்த விலைக்கே கொடு என்று மட்டும் கேட்டால், அது நடவாது என்று ஆணையம் நினைத்தால் வேறெதுவும் கிடைக்காமல் போகலாம். அதோடு மாற்றாக, அதே பொருளை வேறிடத்தில் வாங்கியதால் ஆன கூடுதல் தொகை, போன வங்கித் தள்ளுபடி, தவணைக் கட்டணம், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு என்று ஒவ்வொன்றையும் ரசீதோடு தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரத்தான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேவை மையத்தோடு நடத்திய கடிதப் போக்குவரத்து அந்தக் கெடுவை நீட்டித் தராது.